கைப்பேசியும் ஆற்றுப்படையும்

மலைநடையில் விருப்பமுடைய மாணவர் இந்நாளில் நம் கல்லூரியிற் பலராயினர். விடுமுறை வந்ததும் முதுகுப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவோர் கையில் இரண்டு பொருள்களைத் தவறாமற் காணலாம். ஒன்று தண்ணீர்ப் புட்டி, மற்றொன்று கைப்பேசி. நிலத்தின் மேடு பள்ளங்களைச் சமவுயரக் கோடுகளால் வரைந்து காட்டும் செயலி ஒன்றினை அதனுள் ஏற்றி வைத்து, ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் துணையால் தாம் நிற்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளியாக அப்படத்தின்மேற் கண்டு, அப்புள்ளி செல்லும் வழியே தாமும் செல்லுதல் அவர்தம் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தைக் குறித்து நம்மிடையே இரண்டு கட்சிகள் உள. கண்ணும் காலும் வாயும் இருக்கக் கருவி எதற்கு என்பர் முதியோர் சிலர். கருவி இருக்க வாயைத் திறந்து பிறரை வழி கேட்பானேன் என்பர் எம் தோழர் பலர். யாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்திலோம். சேராமைக்குரிய காரணம் நூலிற் படித்தறிந்ததன்று. காலில் அடிபட்டு அறிந்தது. அடிபட்ட கால் எம்முடையதன்று என்பது ஒன்றே ஆறுதல். ஆயினும் அந்த அடிக்கு யாமும் பொறுப்பாவோம்.

சென்ற தைத் திங்களில் யாம் எழுவர் பழனிமலைத் தொடருக்குச் சென்றிருந்தோம். காட்டினுள்ளே புகுந்தோமல்லோம், இரண்டு மலையூர்களுக்கு இடையே உழவரும் மாடு மேய்ப்போரும் நாடோறும் நடக்கும் பொதுவழியே எமது வழி. எழுவருள் ஒருவர் பௌதிகம் பயிலும் மாணவர். அவர் தம் வீட்டுப் பெட்டியிற் கிடந்த இந்திய நில அளவைத் துறையின் பழைய படத்தாள் ஒன்றை நிழற்படமாக்கி, அதன் நான்கு மூலைகளிலும் அச்சிட்டிருந்த அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, தம் கைப்பேசியிலுள்ள செயலிக்குள் ஏற்றியிருந்தார். மண்ணிறத்திற் சமவுயரக் கோடுகளும், நீலத்தில் நீர்நிலைகளும், சிவப்புக் கீற்றுக்களாக ஒற்றையடிப் பாதைகளும் பொருந்திய அந்த அழகிய படத்தின்மேல் எமது நீலப் புள்ளி ஊர்ந்து செல்லக் கண்டபோது யாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. தாத்தாவின் படமும் பேரனின் கருவியும் ஒன்று கூடின என்று ஒருவர் சிலேடையாகக்கூடப் பேசினார்.

புறப்பட்ட அரைமணிக்குள்ளேயே புள்ளியானது சிவப்புக் கீற்றினின்றும் சற்று விலகியே சென்றது. வானம் தெளிந்து பாதை கண்முன் கிடந்தமையால் யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கருவிகளுக்கு இஃது இயல்பு என்று அமைந்தோம். நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில் மூடுபனி இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் நின்ற தோழரின் உருவம் நிழலாயிற்று. அப்போதுதான் எமக்கு அச்சம் பிறந்தது. அச்சம் பிறந்ததும் கருவியின்மேல் நம்பிக்கையும் உடன் பிறந்தது. புள்ளி பாதையில் இல்லை. ஆகவே யாம் பாதையில் இல்லை என்று முடிவு கட்டினோம். புள்ளியைக் கீற்றின்மேற் கொண்டுசேர்க்க வேண்டிக் காலடியிற் கிடந்த வழியை விட்டு வலப்பக்கச் சரிவில் இறங்கினோம். சீமை வேல மரங்கள் நெருங்கி வளர்ந்த சரிவு அது. இறங்க இறங்கப் புள்ளியும் கீற்றை நெருங்கிக்கொண்டே வந்தது. இறுதியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்திய அந்த நொடியில் யாம் நின்ற இடம், பாசி படிந்த பாறைகளுக்கு இடையே நீர் கசியும் ஓர் ஓடைப்பள்ளம். எழுவருள் இளையவர் அங்கே வழுக்கி விழுந்தார். அவர் வலக் கணுக்கால் உடனே வீங்கிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு ஏறவும் இயலவில்லை; இருட்டுமுன் வேறு வழி காணவும் இயலவில்லை.

செய்வது அறியாது யாம் அனைவரும் உரத்துக் கூவினோம். நெடுநேரங் கழித்து மேலிருந்து ஒரு குரல் கேட்டது. தலையிற் சாக்கை மடித்துக் கவிழ்த்திருந்த பெரியவர் ஒருவர், மாடு தேடி வந்தவர், கைக்கோலை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். எம் நிலையைக் கண்டு அவர் கூறிய முதற்சொல் இது: "தம்பிகளா, இது தண்ணி போற வழியாச்சே; ஆளு போற வழியை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீக?" கைப்பேசியை நீட்டிக் காட்டிய பௌதிக மாணவரை அவர் பார்த்த பார்வையை யாம் இன்னும் மறந்திலோம். அதில் ஏளனம் இல்லை, இரக்கமே இருந்தது. அடிபட்டவரை அவரே முதுகிற் சுமந்தார். ஏறக்குறைய இருநூறு கெசம் ஏறியதும், யாம் விட்டு வந்த அதே பாதை வந்தது.

ஆகவே யாம் நல்வழியில் நின்றுகொண்டே, படத்துக்கு இணங்கும்பொருட்டு அவ்வழியைக் கைவிட்டோம் என்பது அன்று விளங்கிற்று; ஏன் அங்ஙனம் நேர்ந்தது என்பது இரண்டு வாரங் கழித்தே விளங்கிற்று. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கருவி பொய் சொல்லவில்லை. படமும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு உலகங்களை அளந்தன என்பதே உண்மை.

கி.பி. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் சென்னைப் பரங்கிமலையின் அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி இத்தேயத்தை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அவர் கொண்டுசென்ற தியோடலைட் கருவி அரை டன் எடையுடையது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அதனை ஏற்றுங்கால் கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்ததும், லாம்டன் அதனைத் தாமே வாரக்கணக்கில் முயன்று செப்பனிட்டதும் வரலாறு. குன்றுதோறும் கொடி பிடித்தும் சங்கிலி இழுத்தும் காய்ச்சலில் மடிந்தும் அப்பணியை முடித்தவருட் பெரும்பாலோர் பெயரறியா இந்நாட்டு மக்களே. அவ்வளவின் பயனாக, லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டு 1830-ஆம் ஆண்டளவில் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். பூமி முழுவுருண்டையன்று, துருவங்களிற் சற்றே தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதற்கு அவர் கொண்ட கணக்கு இந்தியத் துணைக்கண்டத்துக்கு நன்கு பொருந்துவது. பழைய படத்தாள்களெல்லாம் அதன்படியே வரையப்பட்டன. ஜி.பி.எஸ். கொண்ட கணக்கோ டபிள்யூ.ஜி.எஸ். 84 எனப்படுவது, பூமி முழுமைக்கும் பொருந்துமாறு பிற்காலத்தார் வகுத்தது. இவ்விரண்டு கணக்கின்படியும் ஒரே இடத்துக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் சிறிதே வேறுபடும். அச்சிறு வேறுபாடு எம் மலைப்பக்கத்தில் தரையிலே நூறு மீட்டருக்கும் மேற்பட்டதாகிறது. படம் எக்கணக்கினது என்று கேட்க அச்செயலியில் ஓர் இடம் இருந்தது. எம் தோழர் அதனை நிரப்பாது விட்டார். யாம் எவரும் அதனைக் கேளாது விட்டோம். நில அளவைத் துறை இப்பொழுது வெளியிடும் பொதுப்படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். கணக்கினவே, அவற்றைக் கொண்டிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது.

இதனைக் கேட்ட எம் பேராசிரியர் ஒருவர், "அப்படியானால் கருவியைத் தூக்கி எறிந்துவிடுங்களேன்" என்றார். யாம் அதற்கு உடன்படவில்லை. கருவியின் பெருமையை உள்ளவாறு உணர்ந்தவர் அங்ஙனம் கூறார். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் தத்தம் கடிகாரத்தின் நேரத்தை இடையறாது அறிவிக்கின்றன. குறைந்தது நான்கின் அறிவிப்பைக் கைப்பேசி கேட்டால், ஒவ்வொன்றும் வந்துசேர்ந்த காலத்தைக்கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணித்துவிடுகிறது. கேட்பதன்றிக் கைப்பேசி விண்ணுக்கு ஒன்றும் சொல்வதில்லை; ஆகவே தொலைபேசிக் கம்பெனியின் கோபுரம் இல்லாத மலையிலும் அது வேலை செய்யும், படத்தை மட்டும் முன்னரே இறக்கி வைத்திருந்தால். 2000-ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் அமெரிக்க அரசினர் பொதுமக்களுக்கான அறிவிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தனர். அதனை நீக்கிய பின்னரே இக்கருவி நடப்போர்க்குப் பயன்படுவதாயிற்று. இன்று திறந்த வெளியில் நல்ல கைப்பேசியின் பிழை ஐந்து மீட்டர் அளவினது. மூடுபனியில் கண் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே அறியாது. இதனை எறிவது அறிவுடைமையாகாது.

ஆயினும் இப்புள்ளி அறிந்தது தன் இடத்தை மாத்திரமே. அவ்விடத்தின் இயல்பை அறியாது. பள்ளத்தாக்கின் அடியிலும் பாறைச் சுவரின் ஓரத்திலும் விண்ணறிவிப்புப் பாறையில் மோதித் திரும்பி வருவதால் புள்ளி நின்ற இடத்தில் நில்லாது உலாவும். அதனைச் சூழ்ந்து மங்கலான வட்டம் ஒன்று காணப்படுமே, அவ்வட்டத்தின் அகலமே 'எனக்கு இவ்வளவு ஐயம்' என்று கருவி தானே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். அதனை எம்மில் எத்தனை பேர் நோக்குகின்றோம்?

சமவுயரக் கோடுகளின் செய்தியும் அத்தகையதே. செயலிகள் பலவற்றிற் காணும் கோடுகள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 'எண்டெவர்' என்னும் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடார் கொண்டு அளந்த அளவினின்றும் பிறந்தவை. அவ்வளவு முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளியாக எடுக்கப்பட்டது. அடர்ந்த காட்டில் அது தரையைத் தொடாமல் மரத்தலையின் பக்கலிலேயே பெரிதும் நின்றுவிடும். ஆகவே சோலைக்காடு மூடிய குறுகலான ஓடைப்பள்ளம் படத்தில் மென்சரிவாகவே தோன்றும். கோட்டுக்குக் கோடு இருபது மீட்டர் உயரம் என்று வைத்தால், பதினைந்து மீட்டர்ச் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு இடையே எவரும் அறியாமல் ஒளிந்துகொள்ளக்கூடும். மேலும், படம் பருவத்தை அறியாது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காய்ந்த புல்லிற் பற்றிய தீயில் மலைநடைக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறத்தற்கில்லை. தீ சரிவில் மேல்நோக்கி விரைந்தேறும் என்பதும், பங்குனிப் புல் பஞ்சுக்கு நிகர் என்பதும் எந்தச் சமவுயரக் கோட்டிலும் எழுதப்படவில்லை.

அவ்வாறாயின் இடத்தின் இயல்பைக் கூறும் வழிநூல் ஏதேனும் உண்டோ எனின், உண்டு; அதனை யாம் வகுப்பறையிற் கண்டோம். தோழரின் கால் ஆறிவந்த காலத்தில் எம் வகுப்பிற் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் பாடமாக நடந்தது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையுடைய அப்பாட்டு, நன்னனிடம் பரிசில் பெற்று வரும் கூத்தன் ஒருவன், அவனிடம் செல்ல விரும்பும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. அதனாலேயே கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் பெற்றது. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். இதனை மனப்பாடமாக யாம் எத்தனை தேர்வுகளில் எழுதியிருப்போம்! ஆனால் ஒருநாளேனும் இது வழி சொல்லும் நூல் என்று நம்பிப் படித்தோமல்லோம். பரிசிலுக்கு ஒரு முன்னுரை என்றே கொண்டிருந்தோம்.

ஓடையில் விழுந்தவனின் தோழராக அதனைப் படித்தபோது வேறொன்று தோன்றிற்று. தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்குப் பொறி வைத்திருப்பர். ஆதலால் இருள் புலர்ந்தபின் செல்க என்கிறான் அக்கூத்தன். குழிகளிற் பாம்பு மறைந்திருக்கும், நோக்கிச் செல்க என்கிறான். புனங்காப்போர் கவணில் எறியும் கல் விரைந்து வரும். மரத்தின் மறைவிற் செல்க என்கிறான். பாசி மூடி அடியை வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஓரத்திலுள்ள சிறுமூங்கில் முதலியவற்றைப் பற்றிக்கொண்டு கடக்க என்கிறான். இவ்விடத்தை ஆசிரியர் படித்தபோது வகுப்பில் யாம் மட்டும் சிரித்தோம். காரணம் கேட்டவர்க்கு அப்போது விடை கூறவில்லை. இரவு வந்தால் மலைக்குகையில் வீடு புகுந்தாற்போலத் தங்குக என்கிறான். வழி தவறினால் என் செய்வது? அகன்ற பாறைமேல் ஒருங்கு கூடி உம் இசைக்கருவிகளை முழக்குக. காடு காத்து உறையும் கானவர் கேட்டு விரைந்து வருவர். உண்ணப் பழம் தருவர். துயர் நீக்குவர் என்கிறான். எம்மிடம் யாழும் முழவும் இல்லை, தொண்டை இருந்தது. மற்றவை யாவும் ஈராயிரம் ஆண்டுக்கு அணித்தான அப்பாட்டிற் கூறியவாறே நிகழ்ந்தன, பழம் நீங்கலாக. பெரியவர் எமக்குக் கொடுத்தது கடுங்காப்பி.

இவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி ஒன்று உளது. வழிகள் கூடிப் பிரியும் இடத்தில், அந்நிலத்துக்குப் புதியவராகிய நீவிர் பின்வருவோர் அறியும்பொருட்டு அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்று அக்கூத்தன் கூறுகின்றான். இவ்வொரு சொல்லில் யாம் கூறக் கருதியது முழுதும் அடங்கும். வழியை அறிந்துகொள்பவன் வழியை அறிவிப்பவனாகவும் ஆதல் வேண்டும். புல்லை முடிபவன் குனிய வேண்டும். நிலத்தைப் பார்க்க வேண்டும். இவ்வழி அவ்வூருக்குச் செல்வது என்று தான் உறுதியாக அறிந்திருக்க வேண்டும். தவறாக முடிந்த புல் பின்வருவானைக் கொல்லும்.

இன்றைய செயலிகளும் இப்புல்முடிதலுக்கு இடம் தருகின்றன என்பதைத்தான் நம் தோழர் அறியாதிருக்கின்றனர். அவற்றுட் பல, 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தை அடியாகக் கொண்டவை. அப்படத்தை வரைவோர் சம்பளம் பெறும் அளவையாளர் அல்லர். உங்களையும் எம்மையும் போன்ற வழிப்போக்கரே. நடந்த வழியைக் கைப்பேசி பதிவு செய்துகொள்ளும். வீடு திரும்பியபின் அப்பதிவைக் கொண்டு பாதையை வரையலாம், சுனையைக் குறிக்கலாம், பெயரை எழுதலாம், பிழையைத் திருத்தலாம். லாம்டனுக்குக் கொடிபிடித்தவர் பெயரற்றுப் போயினர். இப்பணியிலோ மாணவன் ஒருவன் தன் கையாலேயே கோடு வரையலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று பௌதிகப் பிரிவினர் கேட்கக்கூடும். பெயர்கள் எமது வேலை என்பதே விடை. எம் மலைப்பக்கத்தை அப்படத்திற் பாருங்கள். பெருஞ்சாலையும் உணவு விடுதிகளும் பெயரோடு விளங்க, முகடுகளும் சரிவுகளும் ஓடைகளும் பெயரற்ற வெள்ளையாகக் கிடக்கின்றன. இருக்கும் சில பெயர்களும் ஆங்கில எழுத்தின் வழியே சென்று மீண்டமையால் ழகரமும் றகரமும் இழந்து நிற்கின்றன. அன்று அப்பெரியவர் எம்மை ஊர்வரை அழைத்துச் சென்ற ஒரு மணி நேரத்தில் பதினோரு பெயர்கள் கூறினார்: ஒரு வளைவுக்கு, ஒரு பாறைக்கு, காற்றுக்கு ஒதுங்கும் ஒரு தட்டுக்கு, மாடு நீர் குடிக்கும் ஒரு பள்ளத்துக்கு. எண்ணி வைத்தோம், எழுதி வைக்கவில்லை. ஊர் வந்தபோது நான்கே நினைவில் நின்றன. இலக்கியத்தில் அடுக்கம், சிலம்பு, கவான், இறும்பு என்று மலையின் உறுப்புக்களுக்கு நுட்பமான சொற்கள் உள என்று விடைத்தாள் நிரம்ப எழுதும் யாம், உயிரோடு வழங்கும் ஏழு சொற்களை ஒரு மாலைப்பொழுதில் இழந்தோம். கால் வீங்கியதினும் இதுவே எமக்கு நாணத்தைத் தந்தது.

ஆனால் காண்பன எல்லாவற்றையும் குறித்துவிடலாமோ? இங்குத்தான் எம் தோழருள் ஆர்வம் மிக்காரோடு எமக்கு மாறுபாடு. வழியில் வற்றாத சுனை ஒன்றைக் காட்டிய அப்பெரியவர், பௌதிக மாணவர் கைப்பேசியை எடுக்கக் கண்டு, "ஐயா தம்பி, இதை மட்டும் அதுல போட்டுறாதீக. போட்டா ஆளு வரும், ஆளு வந்தா போத்தல் வரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தூக்கிச் சுமந்தவர் கும்பிடக் கண்டு யாம் கூனிப்போனோம். அச்சுனை பொதுப்படத்தில் இல்லை. எம்மால் ஒருநாளும் இடம்பெறாது. அறிவு யாவர்க்கும் பொது என்று வாதிட்ட தோழர்க்கு யாம் கூறியது இவ்வளவே: அச்சுனையின் நீரைக் குடித்து வாழ்பவர் அவர், நாம் அதனைக் கடந்து சென்றவர். காடு காக்கும் துறையினர் செல்லலாகாது என்று விலக்கிய இடத்தில் பாதை வரைதலும் இத்தகைய குற்றமே. குரங்கணித் துயரத்துக்குப் பின் தமிழ்நாட்டரசு 2018-இல் மலைநடைக்கு விதிகள் வகுத்துள்ளது. திரையில் ஒரு கோடு கிடக்கிறது என்பதனாலேயே அதன்வழி செல்ல உரிமை உண்டாகிவிடாது. புல்லை முடியச் சொன்ன புலவர் வழி பிரியும் இடத்தில்தான் முடியச் சொன்னார். காணும் புல்லையெல்லாம் முடியச் சொல்லவில்லை.

இனி, முதியோர் கட்சிக்கு ஒரு சொல். வாய் இருக்கக் கருவி எதற்கு என்கிறீர்கள். வழி கேட்பதற்கு வாய் போதும். விடை சொல்லும் வாயும் அங்கே இருத்தல் வேண்டுமே. மலையூர் இளைஞர் பலர் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். புல்வெளியாயிருந்த சரிவுகள் சென்ற நூற்றாண்டில் சீமை வேலமும் பைனும் யூக்கலிப்டசும் நட்ட தோப்புகளாகி, பழைய அடையாளங்கள் மறைந்தன. அப்பெரியவரின் மகன் திருப்பூரில் இருக்கிறாராம். அவருக்கு அப்பதினோரு பெயரும் தெரியாதாம். கருவியைப் பழித்துக்கொண்டு நாம் வாளா இருப்போமாயின், கேட்பதற்குக் கானவர் இல்லாத காலம் வந்துவிடும்.

ஆதலின் நம் கல்லூரியில் மலைநடைக்குச் செல்வோர் இரண்டு செய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. புறப்படுமுன் ஒருநாள் மாலை, பூகோளப் பிரிவிலுள்ள காகிதப் படத்தாளை விரித்து, இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்னும் அளவோடு, கோடுகள் நெருங்கினால் செங்குத்து, அகன்றால் தட்டு, மேல்நோக்கிக் கூர்ந்து வளைந்தால் ஓடை என்று படிக்கப் பழகுதல் வேண்டும். செயலியில் ஏற்றும் படம் எக்கணக்கினது என்று ஆய்தல் வேண்டும். கைப்பேசியின் மின்கலம் குளிரில் விரைவில் தீரும் ஆதலால் திசைகாட்டி ஒன்றும் உடன் கொள்ளல் வேண்டும். இது முதலாவது. திரும்பியபின், கேட்ட பெயர்களைக் கூறியவர் வாய்மொழியிலேயே, அவர் இசைவு பெற்று, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இரண்டாவது. பாதையைப் பௌதிகர் வரையட்டும். பெயரைத் தமிழ்ப் பிரிவினர் சரிபார்க்கட்டும். ஒருவர் மற்றொருவரை நம்பாமல் இருப்பது இருவர்க்கும் நன்று.

குறிப்பேடு ஒன்றினைத் தமிழ்ப் பிரிவின் அறையில் இம்மாதமே வைத்திருக்கின்றோம். முதற்பக்கத்தில் நான்கு பெயர்கள் உள. எஞ்சிய ஏழுக்கு இடம் விட்டிருக்கின்றோம். வரும் தைத் திங்களில், கால் ஆறிய தோழரும் உட்பட, அப்பெரியவரைக் காணச் செல்கின்றோம். பழனிமலைப் பக்கத்துப் பழைய படத்தாள்களோ, அம்மலையில் நடந்த காலத்துக் குறிப்புகளோ வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள், அதற்கு முன்னர் அவற்றின் படியைப் பிரிவுத் தலைவர் வழியாக எமக்கு அனுப்புவாராயின் நன்றியுடையோம். படத்தாளாயின் அதன் ஓரத்தில் அச்சிட்டுள்ள ஆண்டும் அளவைக் கணக்கும் வெட்டுப்படாதவாறு நிழற்படம் எடுக்க வேண்டுகிறோம்.